பதினான்கு சிவப்பு அம்புகள்

மூன்று வருடங்களுக்கு முன், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு லேத் பட்டறையின் மாடியில் நடந்தது இது. எனக்கு அப்போது அறுபத்தொன்பது வயது. அந்த வயதுக்காரன் செய்யக் கூடாத ஒரு காரியத்தைச் செய்தேன். என் வீட்டில்கூட இதை முழுதாகச் சொன்னதில்லை.

முதலில் அந்த மாடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதற்கு ஒரு வருடம் முன், எங்கள் வீட்டுக் கிணற்று மோட்டாரின் தண்டு தேய்ந்துபோய், அதைக் கடைந்து வாங்க அந்தப் பட்டறைக்குப் போயிருந்தேன். பட்டறைக்காரர், "அர மணி ஆவும் சார், மேல போய் ஒக்காருங்க" என்றார். மேலே ஒரு பெரிய மேஜை. அதன்மேல் அட்டையில் செய்த குன்றுகள், இடிந்த கோட்டைச் சுவர், இரண்டு பக்கமும் கட்டை விரல் உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் போர்வீரர்கள். பகடை உருட்டி, அளவு நாடாவால் தூரம் அளந்து, அந்த வீரர்களை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டு அது. வீரர்கள் துண்டு துண்டாக, வண்ணமில்லாமல் வருவார்கள். வெட்டி, ஒட்டி, மயிரிழைத் தூரிகையால் வண்ணம் தீட்டுவது அவரவர் வேலை. ஆட்டத்தைவிட எனக்கு அந்த வண்ண வேலை பிடித்துப்போய், நானும் சேர்ந்துகொண்டேன். நான் முப்பத்திரண்டு வருடம் இதே தொழிற்பேட்டையில், மின்சாரப் பெட்டிகளுக்கு இரும்புக் கதவு செய்யும் ஒரு தொழிற்சாலையில், பெயிண்ட் பரிசோதனைப் பிரிவில் இருந்தவன். கடைசிப் பத்து வருடம் அந்தப் பிரிவுக்குத் தலைவன்.

ஞாயிறு விட்டு ஞாயிறு, பட்டறைக்காரரையும் சேர்த்து ஆறேழு பேர் கூடுவோம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. புதிதாகத் தீட்டிய பொம்மையைச் சொந்தக்காரர் மேஜையில் வைப்பார். அது கைமாறிக் கைமாறிச் சுற்றி வரும். ஒவ்வொருவரும் நன்றாக வந்திருக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும், மாற்ற வேண்டிய ஒன்றைச் சொல்ல வேண்டும். சுற்று முடியும்வரை சொந்தக்காரர் வாய் திறக்கக் கூடாது. திருத்தம் வரும் என்பதால், வண்ணத்தைக் காக்கும் வார்னிஷை எல்லோரும் சுற்றுக்குப் பிறகுதான் பூசுவார்கள்.

இந்த 'நன்றாக வந்திருக்கும் ஒன்று' எனக்கு எரிச்சலாக இருந்தது. தொழிற்சாலையில் நல்ல கதவைப் பற்றி யாரும் பேசியதில்லை. அது வண்டியேறிப் போய்விடும். குறையுள்ள கதவில், குறை இருக்கும் இடத்தைக் காட்டி, அரிசி அளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். திருத்துகிறவர் அம்பைப் பார்த்துத் திருத்துவார். பேச்சே வேண்டாம். ஓய்வு பெற்று வரும்போது அந்த ஸ்டிக்கர் சுருள் ஒன்று என் பையோடு வந்துவிட்டது.

என் பொம்மைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோடு தாண்டாது, திட்டு இருக்காது, ஒரே சீரான பூச்சு. ஆனால் சுற்று வரும்போதெல்லாம், "வெளிச்சம், நிழல் ரெண்டும் இல்லியே சார், பெட்டிக் கதவு மாதிரி கீது" என்பார் பட்டறைக்காரர். ஒரு வருடமாக எல்லோரும் இதையே சொன்னார்கள். நான் ஒரு நாளும் காதில் வாங்கவில்லை.

எங்களில் ஒரே பெண், திருவள்ளூர் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருப்பவர். நாற்பது வயதிருக்கும். கடையில் ஆள் வராத நேரத்தில், கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து தீட்டுவார். அப்படியே பதினோரு மாதத்தில் இருபத்திரண்டு வீரர்களை முடித்திருந்தார். அடுத்த ஞாயிறு சென்னையில் ஒரு பெரிய ஆட்டம். படை முழுதும் வண்ணம் தீட்டியிருந்தால்தான் மேஜையில் இடம். அவருக்கு அது முதல் ஆட்டம்.

அன்று அவர் கொண்டுவந்தது கடைசி ஆள், கொடி பிடிப்பவன். தபால் தலை அளவுக் கொடி. அதில் ஒற்றைக் காலில் நிற்கும் பூநாரை ஒன்றை, அச்சு எதுவும் இல்லாமல் கையாலேயே வரைந்திருந்தார். பழவேற்காட்டில் பார்த்ததாம். பார்த்த எல்லோரும் "அட" என்றார்கள். சுற்று தொடங்குமுன் அவருக்குப் போன் வந்தது. பேசுவதற்குக் கீழே இறங்கிப் போனார். மற்றவர்கள் டீ ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

நான் என் பூதக்கண்ணாடியை எடுத்தேன். ஒரு கண் சற்று மேலே இருந்தது. இடைவாரில் வண்ணம் வழிந்திருந்தது. பறவையின் கழுத்தில் தூரிகைத் தடம். ஒவ்வொன்றுக்கும் ஓர் அம்பு ஒட்டினேன். பதினான்கு அம்பு. அவர் சீக்கிரம் திருத்தட்டும் என்றுதான் செய்தேன் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்கு அந்தப் பறவை வராது. எத்தனை வருடம் உட்கார்ந்தாலும் வராது என்று தெரிந்தது. அதுதான் காரணம்.

அவர் மேலே வந்தார். முள்ளம்பன்றி மாதிரி நின்ற பொம்மையைப் பார்த்தார். ஓர் அம்பைப் பிய்த்தார். அதோடு பறவையின் கழுத்தும் வந்துவிட்டது. என் வாழ்நாள் முழுதும் நான் அம்பு ஒட்டியது உலையில் சுட்ட பெயிண்டின்மேல். பிய்த்தால் தடமே இருக்காது. வார்னிஷ் பூசாத கைவண்ணம் ஸ்டிக்கரோடு உரிந்து வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த அம்போடு கண் போனது. அவர் பதினான்கையும் நிதானமாகப் பிய்த்து, டீ டம்ளரின் விளிம்பில் வரிசையாக ஒட்டினார். பொம்மையை ஸ்வீட் பாக்ஸில் வைத்து மூடினார். "வரேன் நைனா" என்று பட்டறைக்காரரிடம் மட்டும் சொல்லிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

"இன்னா சார் இப்டி பண்ணிட்டீங்க?" என்றார் பட்டறைக்காரர். "குறையைத்தானே காட்டினேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. "அதுகூட அப்புறம். யாரக் கேட்டு சார் அத்தத் தொட்டீங்க?"

மறுநாள் காலை, பெரியபாளையம் போய் அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து, திருவள்ளூரில் இறங்கினேன். திங்கட்கிழமை, கோர்ட்டு நாள். கடை வாசலில் கூட்டம். அவர் டைப் செய்துகொண்டே நிமிர்ந்தார்.

"வாங்க சார். இன்னும் அம்பு மிச்சம் கீதா?"

வரிசையில் நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. "மன்னிச்சிடும்மா" என்றேன். "அந்தப் பொம்மையைக் குடுங்க. ரெண்டே நாள்ல புதுசு மாதிரி பெயிண்ட் பண்ணிக் குடுத்துடறேன்."

அவர் கை டைப்படிப்பதை நிறுத்தியது. கோபப்படவில்லை. களைப்பாகப் பேசினார்.

"காத்தால கட தொறந்ததுலேருந்து நான் எழுதறது பூரா அடுத்தவங்க பேருல சார். இன்னார் மகன் இன்னார் சத்தியம் பண்ணிச் சொல்றது இன்னான்னா... இதான் எம் பொழப்பு. அந்த இருவத்திரெண்டு பொம்மதான் எம் பேருல கீது. அதுலயும் நீங்க கைய வெக்கணுமா?"

"அப்போ நான் என்னதான் செய்யட்டும்?"

அவர் வரிசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஜெராக்ஸ் போடத் தெரியுமா?"

இப்படித்தான் நான் ஐந்து நாள் அந்தக் கடையில் ஜெராக்ஸ் போட்டேன். டைப்பிங்கை மட்டும் அவர் பார்ப்பார். மற்ற நேரம் பின்னால் உட்கார்ந்து கொடிக்காரனைத் தீட்டுவார். அவருக்கு வேண்டியிருந்தது நேரம் ஒன்றுதான். என்னால் கொடுக்க முடிந்ததும் அதுதான்.

நான் நல்ல வேலைக்காரனாக இல்லை. தாளின் ஓரம் கண்ணாடியின் கோட்டோடு சரியாகப் பொருந்துகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தேன். வரிசை தெருவரை போய்விட்டது. அவர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

"சார், அவுரு பஸ்ஸு பூடும். கோடு நேரா கீதான்னு அப்பால பாக்கலாம், பட்டன அமுக்குங்க."

செவ்வாய்க்கிழமை ஒருவரின் அடையாள அட்டையை முன்பக்கம் மட்டும் ஐந்து நகல் எடுத்து, பின்பக்கத்தை மறந்துவிட்டேன். கடைக்காரர் அந்த ஐந்து தாளையும் உயர்த்திப் பிடித்து, கடை முழுக்கக் கேட்கும்படி, "இது ரிஜெக்ட்டு" என்றார்.

"யாரும்மா, புது ஆளா?" என்று கேட்டார் ஒரு வக்கீல் குமாஸ்தா.

"ஆமாண்ணா, டிரெய்னிங்கு. வயசுதான் கொஞ்சம் ஜாஸ்தியாப் பூட்ச்சி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் பொதட்டூர்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி, பழைய நிலப் பத்திரம் ஒன்றைக் கொண்டுவந்தார். மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது. ஒவ்வொரு பக்கத்தையும் நீவி, பின்னால் வெள்ளைத் தாள் கொடுத்து, இருபது நிமிடம் எடுத்து முடித்து, பின்னால் தீட்டிக்கொண்டிருந்தவரிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

"இதாவது சரியா இருக்காம்மா?"

கேட்ட பிறகுதான் என் குரல் எனக்கு உறைத்தது. அவர் தூரிகையைக் கழுவி வைத்தார். கையைத் துடைத்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார்.

"நல்லா வந்துகீது சார். மடிப்புக் கோடு ஒண்ணுகூட எழுத்து மேல விழல. இந்த மூணாம் பக்கத்த மட்டும் ஒரு விரக்கட தள்ளி வெச்சி எடுங்க, ஓரத்துல முத்திர பாதி மறையுது."

நன்றாக வந்த ஒன்று, மாற்ற வேண்டிய ஒன்று. மூன்றாம் பக்கத்தைத் திரும்ப எடுக்கப் போனபோது என் கண் கலங்கியிருந்தது. ஜெராக்ஸ் மெஷினின் வெளிச்சத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது.

காரணம் இதுதான். எங்கள் தொழிற்சாலையில் ஒரு பெயிண்டர் இருந்தார். ஒரு வாரம் முழுக்க அவருடைய கதவுகளை அம்பு ஒட்டி ஒட்டித் திருப்பி அனுப்பினேன். சனிக்கிழமை கடைசிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, முகத்துணியைக் கீழே இறக்கி, "இதாவது சரியா இருக்கா சார்?" என்று கேட்டார். கதவு சரியாகத்தான் இருந்தது. நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டார். எங்கே போனார் என்று நான் விசாரிக்கவும் இல்லை. இருபது வருடம் மறந்திருந்த அந்தக் குரல் அன்று என் வாயிலிருந்து வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொடிக்காரன் முடிந்தான். அவர் அதை என் உள்ளங்கையில் வைத்து, "சொல்லுங்க சார்" என்றார். பூதக்கண்ணாடி பையிலேயே இருந்தது. நான் எடுக்கவில்லை. மேஜையில் நிற்கும்போது தெரிகிற தூரத்தில், கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தேன். பறவை கழுத்தை வளைத்து, இப்போதுதான் தண்ணீரிலிருந்து தலையை எடுத்த மாதிரி நின்றது.

"கழுத்து உயிரா இருக்கும்மா" என்றேன். பிறகு பயந்துகொண்டே, "கொடிக்கம்பு கொஞ்சம் இருட்டா இருந்தா பறவை இன்னும் தனியாத் தெரியும்" என்றேன்.

அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். தூரிகையை எடுத்துக் கம்பைக் கருமையாக்கினார். "ஆமா சார்" என்றார். அவ்வளவுதான். எனக்குக் கிடைத்த மன்னிப்பு அந்த இரண்டு வார்த்தைதான்.

பிறகு, "உங்குளுது ஒண்ணு எடுங்க பாக்கலாம்" என்றார். பையில் இருந்த என் வீரனைக் கொடுத்தேன். "பூச்சு சூப்பரு, இந்த மாதிரி எனக்கு வராது. ஆனா இவுரு ஊட்ட வுட்டு வெளிய வந்ததே இல்லியா சார்? வெயிலே படல பாருங்க. தல மேல சூரியன் கீதுன்னு நெனச்சிக்கினு, தோளு மேல கொஞ்சம் வெளுப்பு குடுங்க."

ஒரு வருடமாக ஆறு பேர் சொன்னதுதான் இதுவும். அன்றுதான் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய இருபத்திரண்டு பேரும் சென்னை மேஜையில் நின்றார்கள். நான் பார்வையாளனாகப் போயிருந்தேன். இரண்டாவது பகடையிலேயே கொடிக்காரன் விழுந்துவிட்டான். "ஐயோ" என்று கத்திவிட்டேன். அவர் அவனை எடுத்து மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுச் சிரித்தார்.

"போனாப் போறான் சார். நீங்க வுட்ட பதினாலு அம்புலயே சாவாதவன், ஒரு பகடைல பூட்டான் பாருங்க."

இப்போதும் ஞாயிறு விட்டு ஞாயிறு கூடுகிறோம். என் வீரர்களின் தோளில் கொஞ்சம் வெயில் விழத் தொடங்கியிருக்கிறது. முகத்துக்கு இன்னும் வரவில்லை என்கிறார்கள். சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன். மிச்சமிருந்த ஸ்டிக்கர் சுருளை அவரே வாங்கிக்கொண்டார். பிரமாணப் பத்திரங்களில், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்ட ஒட்டுகிறார். படிக்கத் தெரியாதவர்கள்கூட அந்தச் சிவப்பு அம்பைப் பார்த்து, தங்கள் பெயர் வர வேண்டிய இடத்தில் சரியாக விரலை வைக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம், அந்தச் சனிக்கிழமை அந்தப் பெயிண்டரை நான் ஒரு முறை நிமிர்ந்து பார்த்திருக்கலாம் என்று மனம் வலிக்கிறது. கூடவே, நிமிர்ந்து பார்க்க இன்னும் எத்தனையோ பேர் கைவேலை எனக்கு மிச்சமிருக்கிறது என்றும் தோன்றுகிறது.