சூசையண்ணைக்குக் கிண்ணம் வேண்டாம்

சூசையண்ணை இறந்த செய்தி எங்கள் விளையாட்டுக் கழகத்தின் கைபேசிக் குழுவில்தான் எனக்கு வந்தது. திங்கட்கிழமை காலை, சுவிஸின் பீல் நகரில் நானும் அவரும் வேலை செய்த கைக்கடிகாரத் தொழிற்சாலையில், ஆளில்லாத அவருடைய மேசைக்குப் பக்கத்திலிருந்து இடைவேளைக்கு எழுந்து கைபேசியை எடுத்தேன். கழகத்தின் சின்னம், அதன் கீழ் எரியும் மெழுகுவர்த்தி, அதற்கும் கீழ் அவருடைய படம். "எமது கழகத்தின் தூணாக விளங்கிய முன்னாள் பயிற்றுவிப்பாளர்" என்று தொடங்கியிருந்தது அறிவித்தல். கும்பிட்ட கைகள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன. அழுகை வருவதற்கு முன்னால் எனக்கு அருவருப்பு வந்தது. ஒரு கோடைகாலப் பகலில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு சொல்லும் சொல்லாமல் அவரை நீக்கியதும் இதே குழுவிலிருந்துதான்.

உடனே அவருடைய மனைவி ராணியக்காவை அழைத்து, குழுவில் பார்த்ததைச் சொன்னேன். "ஓம் வதனி, நேற்றுக் காலமை. நெஞ்சு நோகுது எண்டவர், அம்புலன்ஸ் வர முந்தி எல்லாம் முடிஞ்சுது. மன்னாரிலை இருக்கிற அவற்றை தங்கச்சிக்கே நான் இன்னும் சொல்லேல்லை. கழகக்காரருக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது. அந்தத் தங்கையும் கழகத்தின் மெழுகுவர்த்தியைப் பார்த்துத்தான் அண்ணன் இறந்ததை அறிந்தாராம்.

அவரை அறிந்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனால் அந்த அறிவித்தலைப் படித்தவர்கள், புன்னகை மாறாத, எவரோடும் முரண்படாத ஒரு பெரிய மனிதரைக் கற்பனை செய்திருப்பார்கள். அப்படி ஒருவரை நான் சந்தித்ததே இல்லை. எனக்குத் தெரிந்த சூசையண்ணை பல ஆண்டுகள் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்து கடிகாரங்களுக்கு முள் பூட்டியவர். சனிக்கிழமை நடந்த இங்கிலாந்துக் கால்பந்தாட்டங்களைத் திங்கள் காலையில் திட்டத் தொடங்கி வெள்ளிவரை திட்டுபவர். கழகத்தில் அவர் பயிற்றுவிப்பாளர், நான் செயலாளர். வேலையில் அவருடைய கைமட்டும் அசையாமல் முள்ளைப் பிடித்திருக்க, வாய் ஓயாது. "அரியண்டம் வதனி, அரியண்டம்" என்பார், அருவருப்பு என்ற பொருளில். எங்கள் மேற்பார்வையாளரான பிரெஞ்சுக்காரப் பெண்மணிகூட அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டு, பழுதான கடிகாரத்தைத் திருப்பித் தரும்போது சொல்லத் தொடங்கிவிட்டார்.

இங்கிலாந்துக் கால்பந்து அவருக்கு டாவோஸில் தொற்றியது. அகதியாக வந்த புதிதில் அங்கே ஒரு விடுதிச் சமையலறையில் கோப்பை கழுவினார். வேலையாட்களின் அறையில் ஒரு தொலைக்காட்சி. முதன்முதலாக அவர் பார்த்த ஆட்டத்தில் வட இங்கிலாந்து அணி ஒன்று ஐந்து கோல் வாங்கிக்கொண்டிருந்தது. மற்ற எல்லாரும் வெல்லும் அணிக்காகக் கத்த, இவர் தோற்கும் அணியைத் தன் அணியாக எடுத்துக்கொண்டார். காரணம் கேட்டேன். "அஞ்சாவது கோலுக்குப் பிறகும் அவங்கடை பின்வரிசைக்காரன் ஒருத்தன் ஓடிக்கொண்டு நிண்டான். மற்றவன் சிரிச்சான். எனக்குச் சிரிச்சவனைப் பிடிக்கேல்லை" என்றார். இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு எதிலும் முதலில் வருவது வெறுப்புத்தான். அதற்குப் பின்னால்தான் அன்பு வரும், அதுவும் முணுமுணுத்துக்கொண்டு.

அந்த அணி பிறகு முதற்பிரிவிலிருந்து விழுந்தது. அடுத்த பிரிவிலும் நிற்காமல் இன்னும் கீழே போயிற்று. அந்தக் காலத்தில் ஒருநாள் சூரிச்சில், லாங்ஸ்ட்ராஸப் பக்கம் உள்ள தமிழ்க் கடையொன்றுக்கு அவரோடு மீன் வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் அந்த ஆண்டு எந்த அணி முதலிடத்தில் இருந்ததோ அதன் சால்வையைக் கல்லாப்பெட்டிக்கு மேல் தொங்கவிட்டிருந்தார். முந்தைய ஆண்டு அங்கே வேறு நிறம் தொங்கியது எனக்கே நினைவிருந்தது.

"என்ன சூசையண்ணை, இன்னும் அந்தச் செத்த ரீமோ?" என்று கேட்டார்.

"ஓம் தம்பி. நான் கலியாணமும் ஒருக்காத்தான் கட்டினனான்" என்றார் இவர். மீனைத் திருப்பி வைத்துவிட்டு வெளியே வந்தார். டிராம் வந்தது. ஏறியபின், "சால்வை மாத்துறவன் மீனையும் மாத்துவான்" என்று மட்டும் சொன்னார். அன்று ராணியக்கா வீட்டில் பருப்புக் கறிதான்.

அவர் எல்லாம் தெரிந்த ஞானியும் அல்ல. இங்கிலாந்தில் கோல்காப்பாளர் பந்தைக் காலால் உருட்டித் தடுப்பாளரிடம் கொடுத்து, அங்கிருந்து சிறுசிறு கடத்தல்களாக முன்னேறும் முறை வந்தபோது, "ஒரு மழைக்குத் தாங்காது" என்றார். அந்த முறையில் ஆடிய அணிகள் ஆண்டுக்கு ஆண்டு கிண்ணத்தைத் தூக்கின. இவர் ஒவ்வொரு ஆண்டும் "அடுத்த வருசம் பாரும்" என்றார். நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். "நீங்கள் பிழை எண்டு ஒருக்கா ஒப்புக்கொள்ளுங்கோவன்" என்று சீண்டினால், "நல்லாத்தான் ஆடுறாங்கள். அதுக்காக எனக்குப் பிடிக்கவேணுமோ?" என்பார்.

எங்கள் கழகத்தின் நிர்வாகக் குழுவினருக்கோ, அங்கே வென்றது எதுவோ அதுதான் வேதம். இங்கிலாந்தில் மூன்று தடுப்பாளர் என்றால் இங்கேயும் மூன்று. அங்கே நான்கு என்றால் மறு ஞாயிறே நான்கு. பகலெல்லாம் உணவகச் சமையலறையிலும் துப்புரவு வேலையிலும் நின்று கால் வீங்கி வரும் மனிதர்களிடம், எதிரணியை அதன் எல்லைக்குள்ளேயே ஓடி ஓடி நெருக்கச் சொன்னார்கள். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான். சூசையண்ணை கையிலிருந்த ஆட்களைப் பார்த்து ஆட்டத்தை அமைத்தார். எங்கள் வலப்பக்கத் தடுப்பாளர் கூரை வேலை செய்பவர். தோள் இரண்டும் இரும்பு. பக்கக் கோட்டிலிருந்து அவர் பந்தை எறிந்தால் அது நேரே கோல் வாசலில் போய் விழும். அதை நம்பித்தான் எங்கள் அணி வென்றுகொண்டிருந்தது.

அந்தக் கோடைச் சுற்றுப்போட்டியும் அப்படித்தான் தொடங்கியது. காலையில் இரண்டு ஆட்டங்கள், இரண்டிலும் எறிதலால் வந்த கோலால் வென்று அரையிறுதிக்கு வந்துவிட்டோம். மதியம் கொத்துரொட்டி வாங்க வரிசையில் நின்றபோது, நிர்வாகக் குழுவினர் கூடாரத்துக்குள் கூடிக் கதைப்பதைப் பார்த்தேன். சிறிது நேரத்தில் கைபேசி ஒலித்தது. சூசையண்ணை கைபேசிக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார் என்று அதில் இருந்தது. அவர் எனக்குப் பக்கத்தில் தட்டோடு நின்றார்.

நான் கூடாரத்துக்குள் போய்க் கழகத் தலைவரிடம் கேட்டேன். "வெண்டுகொண்டிருக்கிற நேரத்திலை என்ன விசர் வேலை இது?"

"தங்கச்சி, இங்கிலாந்திலை பாருங்கோ, வெண்டாலும் கோச்சை மாத்துவினம். புரொஜெக்ற் எண்டு ஒண்டு இருக்கு. இப்பிடிப் பந்தை எறிஞ்சு எறிஞ்சு வெல்லுறதைப் பார்த்து மற்றக் கழகக்காரர் சிரிக்கினம்" என்றார் அவர்.

நடுப்பருவத்தில் பயிற்றுவிப்பாளரை விரட்டுவதையும் அங்கிருந்துதான் கற்றிருந்தார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து இறக்குமதி செய்ய அங்கே வேறு நல்ல பழக்கம் கிடைக்கவில்லை போலும். அரையிறுதியில் புதிய பயிற்றுவிப்பாளர் எங்கள் கோல்காப்பாளரைக் காலால் ஆடச் சொன்னார். பாவம், அந்த மனிதர் பந்தை அழகாக எதிரணி முன்வரிசையின் காலில் வைத்தார். நான்கு கோல் வாங்கினோம். "எழும்புங்கோ அண்ணை, போவம்" என்று நான் கெஞ்சினேன். "இருமன். விளையாடுறது எங்கடை பெடியள்தானே" என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன கொத்துரொட்டியைத் தின்றபடி கடைசி ஊதல்வரை இருந்தார். அதற்குப் பிறகு கழகத்து மைதானத்தில் அவர் கால் வைக்கவில்லை. எவரும் கூப்பிடவும் இல்லை.

ஆட்டத்தின் போக்கு ஒரே மாதிரி இருப்பதில்லை. அண்மையில் இங்கிலாந்தில் நீள எறிதலும் மூலையுதையும் திரும்பவும் மவுசுக்கு வந்துவிட்டன. பெரிய அணிகளெல்லாம் அதற்கென்றே தனிப் பயிற்றுவிப்பாளர் வைத்திருக்கின்றன. சூசையண்ணை துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்துத் திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். மனிதர் முகத்தைச் சுளித்துக்கொண்டு இருந்தார்.

"இதுவும் அரியண்டம்தான் வதனி. துவாயாலை பந்தைத் துடைக்கிறான், துடைக்கிறான், பிறந்த பிள்ளையைத் துடைக்கிற மாதிரி. அதுக்குள்ளை நான் ரீ ஊத்திக் குடிச்சுப்போட்டன். முந்தி இதைப் பார்த்துச் சிரிச்சவன்தான் இப்ப இதைச் செய்யிறான். ஒருத்தனுக்கும் வெக்கமில்லை."

எங்கள் கழகமும் தாமதிக்கவில்லை. நீள எறிதலுக்கென்று ஒருவரை லுசேர்னிலிருந்து கூட்டிவந்தார்கள். பீலிலேயே இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளி அதே வேலை தெரிந்த ஒரு மனிதர் அணி இல்லாமல் இருந்தார் என்பது அவர்கள் நினைவுக்கு வரவில்லை. அவர் இறந்த மறுநாள்தான் வந்தது.

அடக்கம் முடிந்த கிழமை தலைவர் ராணியக்கா வீட்டுக்குப் போய், இந்த ஆண்டுச் சுற்றுப்போட்டியை "சூசை ஞாபகார்த்தக் கிண்ணம்" என்று நடத்த அனுமதி கேட்டார். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டும் வேலை. இதைச் சொல்ல ராணியக்கா என்னை அழைத்தபோது, வேண்டாம் என்று சொல்லிவிடச் சொல்லும் வேகத்தோடுதான் போனேன். அவர் என்னைப் பேசவிடவில்லை.

"எனக்கும் தெரியும் வதனி, அவை செய்தது. ஆனால் கெமைண்டேயிலை என்ன சொன்னவை தெரியுமோ? சவக்காலையிலை இருபது வருசம்தானாம். பிறகு கல்லையும் எடுத்து, அந்த இடத்தை வேறை ஆருக்கும் குடுப்பினமாம். எங்களுக்குப் பிள்ளையளும் இல்லை. எங்கையெண்டாலும் அவற்றை பேர் நிக்கட்டுமன்."

கெமைண்டே என்பது ஊராட்சி அலுவலகம். இந்த நாட்டின் வழக்கம் அது. இங்கே பிறந்தவர்களின் கல்லறைக்கும் அதே கதிதான். ஆனால் மன்னாரில் பெற்றோரின் கல்லறைக்கு வெள்ளை அடித்து வளர்ந்த ஒரு பெண்ணுக்கு அதை எப்படி விளக்குவது? அவர் கேட்டது நியாயம். அவர் தந்த தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

முப்பத்தோராம் நாள் திருப்பலிக்குப் பிறகு பங்கு மண்டபத்தில் சாப்பாடு. பரிமாறுவதற்கு முன் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "இண்டைக்கு இங்கிலாந்தே செய்யிற நீள எறிதலை அண்டைக்கே செய்து காட்டினவர் எங்கடை சூசையண்ணை. அந்தத் தீர்க்கதரிசியை எங்கடை கழகம் எண்டைக்கும் கைவிட்டதில்லை" என்றார். கைவிட்டதில்லை! கூடாரத்தில் அன்று இருந்த எல்லாரும் மண்டபத்தில் இருந்தார்கள். ஒருவர் முகத்திலும் ஒரு சுருக்கம் இல்லை. பிறகு கிண்ணத்தை அறிவித்தார். பணம் போட்டு அனுசரணை தரும் காப்புறுதி முகவரின் பெயர் முதலில், அதற்குப் பின்னால் சூசையண்ணையின் பெயர். மண்டபம் முழுவதும் கைதட்டியது.

ராணியக்கா முன்வரிசையில் இருந்தார். எழுந்து நின்று, அடங்கிய குரலில் ஒரு கேள்வி கேட்டார். "அடுத்த வருசமும் அவற்றை பேர்தானே தம்பி?"

தலைவர் ஒலிவாங்கியைத் தாழ்த்தினார். "அது அக்கா, ஒவ்வொரு வருசமும் பொதுக்கூட்டம்தான் தீர்மானிக்கும். அனுசரணையாளரும் மாறுவினம். இந்த வருசம் கட்டாயம் அண்ணையின்ரை பேர்தான்."

"கெமைண்டேக்காரர் அவரைக் கண்ணாலையும் கண்டதில்லை. அவையே மண்ணிலை இருபது வருசம் இடம் தருகினம்" என்றார் ராணியக்கா. "நீங்கள் ஒரு கோடைகாலம் தாறியள். வேண்டாம் தம்பி. சாப்பாட்டைப் போடுங்கோ."

சாப்பாடு போட்டார்கள். குழுவினர் ஆட்டிறைச்சிக் கறியை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார்கள். ஒருவர் என்னிடம் வந்து, "அக்கா கவலையிலை கதைக்கிறா" என்று விளக்கினார். அந்த மண்டபத்தில் அன்று தெளிவாகக் கதைத்தவர் ராணியக்கா ஒருவர்தான். நான் மறுநாளே செயலாளர் பொறுப்பை விட்டுவிட்டேன். கிண்ணத்துக்கு இப்போது காப்புறுதிக்காரரின் பெயர் மட்டும்தானாம். பொருத்தமான பெயர்.

சூசையண்ணையின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. ராணியக்கா அவருடைய அணியின் சால்வையை எடுத்துத் தந்தபோதும் வாங்கவில்லை. அது அவருடைய கதிரையிலேயே கிடக்கட்டும். பக்கத்து மேசையில் இருந்து இருந்து அவரிடமிருந்து எனக்குத் தொற்றிய அருவருப்பு ஒன்றைத்தான் நான் வைத்திருக்கிறேன். பொய்யைக் கேட்டதும் முகம் சுளிக்கும் அந்தக் குணத்தை நல்லதென்று எவரும் சொல்லமாட்டார்கள். எனக்கும் அதனால் நண்பர்கள் குறைந்திருக்கிறார்கள். தலைவர் அன்று பேசி முடித்தபோது என் இரு பக்கத்திலும் இருந்தவர்கள் கைதட்டினார்கள், என் கைகள் மடியிலேயே கிடந்தன. சூசையண்ணைக்குப் பக்கத்தில் வேலை செய்யாதிருந்தால் நானும் தட்டியிருப்பேன்.