சுகந்தி அக்காவின் லீவுக் கடிதம்

காலை வேலைக்கு வந்து உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தபோதுதான், சுகந்தி அக்கா இறந்துவிட்ட செய்தி எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. லிங்கநகர் வீட்டில், நெஞ்சுவலியாம். நான் வார்ட்டுக்குள் போவதற்குள் வரிசையாகக் கைகூப்பும் படங்கள் வந்துவிட்டன. "வெள்ளுடைத் தேவதை" என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரோடு வேலை செய்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் தேவதை இல்லை. கொரோனா வார்ட்டின் பொறுப்புத் தாதி, வாய் கொஞ்சம் காரம். கையைக் கழுவாமல் கும்பிட்டு நின்ற ஓர் இளம் வைத்தியரிடம், "கும்பிடுறதுக்குக் கோயில் இருக்கு, இங்க கையைக் கழுவுங்கோ" என்றவர்.

உறவினர் எவரும் உள்ளே வரமுடியாத காலம் அது. ஒருவர் இறந்தால் வீட்டுக்குச் சொல்வது அவர் வேலை. வார்ட் போன் பழுதென்று தன் சொந்தப் போனிலேயே சொன்னார். அந்த இலக்கம் எல்லா வீடுகளிலும் தங்கிவிட்டது. இறக்கக்கண்டி மீனவர் ஒருவரின் மனைவி மாதக்கணக்காக அந்த இலக்கத்துக்கு எடுத்து, தன் கணவர் கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டுக்கொண்டிருந்தார். வாயில் குழாயோடு போன மனிதர் என்ன சொல்லியிருப்பார்? பிள்ளைகளைக் கவனமாகப் பார்க்கச் சொன்னாரென்று அக்கா சொன்னார். பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று சொல்லவேண்டி வந்தது. மாறிவிடக்கூடாதென்று கொப்பியில் குறித்து வைத்தார். "செத்த ஆக்களுக்கு நான் வசனம் எழுதுறன்" என்று சிரித்தார். கிண்ணியா முஸ்லிம் குடும்பங்களுக்கு அடக்கம் செய்ய உடலைத் தரமாட்டார்கள், சட்டப்படி எரிப்பார்கள் என்பதையும் அவரே சொன்னார். சட்டம் போட்டவர்கள் யாரும் போன் எடுத்துச் சொல்லவில்லை. ஏச்சு முழுவதையும் வாங்கியது அவர்தான்.

ஒருநாள் மருந்துப் போத்தலைக் கையில் வைத்தபடி அதன் பெயரை வாசிக்க முடியாமல் நின்றார். மறுநாள் மத்தியானம் என்னிடம் லீவுக் கடிதம் தந்தார். ஆஸ்பத்திரித் தாதிமார் எல்லாருக்கும் வேலைப் பட்டியல் போடுவது நான். லீவுக் கடிதங்கள் என் வழியாகத்தான் நிர்வாகக் கந்தோருக்குப் போகும். மனநலச் சிகிச்சைக்கு என்று மறைக்காமல் எழுதியிருந்தார்.

"என்னால இனி ஏலாது, நிலானி. ஒரு மாதம் தந்தால் திரும்பி வருவன்."

"உங்களுக்கே ஏலாதெண்டால் நாங்கள் என்ன செய்யிறது அக்கா?" என்றேன். இப்படிக் கேட்டால் எந்தத் தாதியும் வாய் திறக்கமாட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

அந்த ஒரு கிழமைக்குள் மூன்று தாதிமார் நோயில் விழுந்திருந்தார்கள். அவர் இடத்தில் போட ஆளில்லை. போதாததற்கு, வெளியே தெரிந்தால் விசர் என்று சனம் கதைக்குமே, அவர் பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். கடிதத்தை என் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். கந்தோர் மறுத்துவிட்டதென்று நினைத்து, அவர் இரண்டாம்முறை கேட்கவில்லை. எல்லாம் ஓய்ந்தபின் மேடையில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அடுத்த வருடமே முன்கூட்டி ஓய்வு பெற்றார். அதன் பிறகு பழைய சுகந்தி அக்காவை யாரும் பார்க்கவில்லை. போன் அடித்தாலே எழுந்து வெளியே போய்விடுவார்.

செத்தவீட்டில் அவர் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவ லீவு கேட்டவ, கந்தோர் குடுக்கேல்ல. நீங்கள் மட்டும்தான் பிள்ளை அவவோட நிண்டனீங்கள்." நான் தலையாட்டினேன்.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் கடிதம் ஒன்றுதான். கிழிக்க மனம் வரவில்லை. கையில் கொண்டுபோய்க் கொடுக்கத் துணிவும் இல்லை. அக்காவின் போன் இப்போது அவர் கணவரிடம்; இந்தக் குழுவில் அவரும் இதை வாசிப்பார் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.