காவல் அறையின் யன்னல்

எனக்கு எழுத்து அவ்வளவாக ஓடாது. ஆனாலும் இதை இன்னொருவர் கையால் எழுதுவிக்க மனம் வரவில்லை.

போன கோடையில் மகள் என்னைப் இந்த நாட்டில் பிரெஞ்சு கதைக்கும் பக்கத்திலுள்ள பழைய ஊர் ஒன்றுக்குக் கூட்டிப்போனாள். ஊர் வாசலில் ஒரு கல்வளைவு. அதனோடு ஒட்டி, அந்தக் காலத்துக் காவலர்கள் இருந்த சிறிய வீடு. பிரான்ஸ் ஊர்களில் இருநூற்றைம்பது வருடத்துக்கு முன் கட்டிய காவல் வீடுகளைப் பார்த்து இதைக் கட்டினார்களாம். அதைக் கண்டதும் என் கை தன்பாட்டில் வதிவிட அட்டையை வெளியே எடுத்துவிட்டது.

"அம்மா, அதை உள்ளுக்கை வையுங்கோ! இஞ்சை ஆர் செக் பண்ணுறது?" என்று மகள் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாழ்ப்பாணத்துச் சோதனைச்சாவடியில், என்னோடு வந்த கணவரை ஆமி இப்படி யன்னல் வைத்த ஒரு சின்ன அறைக்குள்தான் கூட்டிப்போனது. நான் தெருவிலேயே நின்றேன். பொழுதுபட, துவக்கைக் காட்டி என்னை விரட்டினார்கள். அவர் திரும்பி வரவே இல்லை. நான் வெளியே காத்துநின்றது அவருக்குத் தெரிந்திருக்குமா என்ற கேள்விதான் இத்தனை வருடமும் என்னை அரித்தது.

"நீ இதிலையே நில்லு பிள்ளை" என்று மகளைத் தெருவில் நிறுத்திவிட்டு உள்ளே போய், காவலர்களின் மரவாங்கில் இருந்தேன். யன்னல் சின்னதுதான். ஆனால் மகள் முழுதாகத் தெரிந்தாள்.

"என்னம்மா தெரியுது?"

"எல்லாம் தெரியுதடி."

அவர் என்னைக் கண்டிருப்பார் என்று மனம் ஆறியது. பிறகுதான், பொழுதுபட நான் அவரை விட்டு நடந்து போனதையும் கண்டிருப்பாரே என்று பட்டது. எழும்ப நேரமெடுத்தது. மகளிடம் கால் நோகுது என்று சொன்னேன்.