மழையின் தகப்பனார் பெயர்

நண்பர்களே,

நான் கிராமசேவகராக இருக்கும் ஊரில், மழை பெய்தால் வயல்களில் போட்ட உரமெல்லாம் குடிதண்ணீர்க் குளத்தில் இறங்குகிறது. தடுக்க வரப்புப் போட சர்க்கார் மானியம் கேட்டு, இன்று தொப்பம்பட்டி யூனியன் ஆபீசுக்குப் போனேன்.

கிளார்க் மனுவைப் பார்த்தார். "ஏனுங்க, யாரு வயல்லருந்து வருதுன்னு எழுதவே இல்லீங்களே?"

"எல்லாரு வயல்லருந்துந்தான் வருது சார்."

"ஒருத்தர் பேருக்குத்தானுங்க இடமிருக்குது."

'மழை' என்று எழுதிக் கொடுத்தேன்.

"தகப்பனார் பேருங்க?" என்றார், சிரிக்காமல்.

இந்த மனுவுக்காகத்தான் போன வாரம் வயல் வயலாகப் போய்ச் சர்வே நம்பர் குறித்தேன். வரி போடத்தான் என்று நினைத்து, அன்றிலிருந்து ஊரில் ஒருவரும் என்னோடு பேசுவதில்லை. திரும்பும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவர்கள்கூட என் பக்கத்தில் உட்காரவில்லை.

மழையின் தகப்பனார் பெயர் தெரிந்தவர்கள் ஒரு கார்டு போடுங்கள். தெரியாதவர்களும் போடலாம்.