குச்சி சொருகிய கை

எங்கள் வீட்டு மாடி அறையில் ஏழு வருஷமாகக் குடியிருக்கும் அந்தோணிராஜ் அண்ணனைப் பற்றி வடக்குப்பட்டில் யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையை விடமாட்டார். யாரோடும் வம்புக்குப் போகமாட்டார். என்னைக் கேட்டால் மூன்றாவதாக ஒன்றும் சொல்வேன்: ஒரே ஒரு உண்மையைச் சொல்லி, கம்பெனியில் ஒரு லைன் முழுவதையும் ஒரே நாளில் பகைத்துக்கொண்டவர். அந்த லைனில் நானும் ஒருவன். என் பெயர் திருமலை.

அண்ணன் உவரிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். மனைவி ஞானம்மாவும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஊரில் இருக்கிறார்கள். இவர் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் பிரஸ் லைனுக்கு லீடர். நான் அதே லைனில் நாலாவது மிஷின்.

எங்கள் மிஷின்கள் பழையவை. ஒவ்வொன்றிலும் இரண்டு பட்டன் உண்டு. இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் மேல்பாகம் இறங்கித் தகட்டை வெட்டும். கை அடியில் மாட்டிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் அப்படி அடித்தால் டார்கெட் வராது. அதனால் கேட்டுக்கு வெளியே விற்கும் ஐஸின் குச்சியை வலது பட்டன் இடுக்கில் சொருகிவிடுவோம். பட்டன் அழுந்தியபடியே நிற்கும். இடது கையால் தட்டிக்கொண்டே, வலது கையால் தகட்டை வைக்கலாம், எடுக்கலாம். சூப்பர்வைசருக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும். தெரியாத மாதிரி நடந்துபோக அவர்கள் நன்றாகவே பழகியிருந்தார்கள்.

அண்ணன் ஷிஃப்ட் தொடங்கும்போது மிஷினைத் தொட்டுவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். பிறகு அதே கையால் குச்சியைச் சொருகுவார்.

"சாமியையும் கும்ட்டுக்கினு, குச்சியையும் வெச்சிக்கினு... நல்லா கீதுண்ணா" என்று ஒருமுறை கிண்டல் செய்தேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

போன டிசம்பரில் கொம்பையா என்று ஒருவன் புதிதாகச் சேர்ந்தான். சங்கரன்கோவில் பக்கம். இருபத்தைந்து வயது இருக்கும். குச்சி வைக்கப் பயந்தான்.

"அண்ணாச்சி, ரெண்டு கையும் பட்டன்லயே இருக்கட்டுமே" என்றான்.

"எல்லாரும் இப்படித்தான் அடிக்காங்க, பயப்படாத" என்று அண்ணன் தானே சொருகிக் கொடுத்தார். பதினோரு மணி டீ வருவதற்குள் கொம்பையாவின் வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கம்பெனி ஒரு தாளைத் தயார் செய்தது. கொம்பையா யாருக்கும் தெரியாமல் தானே பட்டனை அடைத்தான், விபத்துக்கு அவனே பொறுப்பு என்று அதில் எழுதியிருந்தது. லீடர் என்ற இடத்தில் அண்ணன் கையெழுத்துப் போட்டார். சாட்சி என்ற இடத்தில் நான் போட்டேன். ஏன் போட்டோம் என்றால், பயம்தான், வேறென்ன. அந்தத் தாளைக் காட்டியே, வேலையும் இல்லை நஷ்டஈடும் இல்லை என்று, கம்பெனி கொம்பையாவைக் கைகழுவியது.

அதன்பிறகு அண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா கொடுத்தனுப்பிய குழம்பு கிண்ணத்தோடு திரும்பி வந்தது. பூசைக்கு மட்டும் போய்வந்தார். அது எனக்கு எரிச்சலாக இருந்தது. உள்ளே முட்டிபோட்டு அழுதுவிட்டு வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்று நினைத்தேன். நான் என்னவோ பெரிய யோக்கியன் மாதிரி.

பெரிய வெள்ளியன்று லீவு போட்டுக் கோயிலுக்குப் போனவர் சீக்கிரமே திரும்பிவிட்டார். படிக்கட்டில் உட்கார்ந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"சிலுவைய முத்தி செய்ய வரிசையில நின்னேன், திருமலை. கிட்ட போயிட்டேன். ஆணியடிச்ச கையப் பாத்ததும் கொம்பையா கைதான் தெரிஞ்சுது. முத்தம் குடுக்காமலே திரும்பிட்டேன்."

நானும் படியில் உட்கார்ந்தேன். அவரே தொடர்ந்தார்.

"என் பாவத்துக்கு ஆண்டவரு உயிரக் குடுத்தாருன்னு சின்ன வயசுலேருந்து சொல்லுதேன். கொம்பையா பேர்ல எழுதுன பொய்ய நாந்தான திருத்தணும்? அதையும் அவரா வந்து திருத்துவாரு?"

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போய், குச்சியைச் சொருகியது நான்தான் என்று எழுதிக் கொடுத்தார். ஆபீசர் சிவசங்கர் என்னையும் கூப்பிட்டார்.

"முட்ஞ்சி போன கதைய இன்னாத்துக்கு இவரு கிளர்றாரு? நீ சாட்சி. நீ இன்னா சொல்ற?"

அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால்கூட உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

"நான் கவனிக்கல சார்" என்றேன்.

வெளியே அனுப்பினால் வெளியே பேசுவார் என்று அண்ணனை வேலையை விட்டுத் தூக்கவில்லை. லீடர் பதவியைப் பிடுங்கி, பின்பக்கம் ஸ்கிராப் யார்டில் தனியாகப் போட்டார்கள். கொம்பையாவுக்கு ஸ்டோரில் தற்காலிகமாக ஓர் இடம் கிடைத்தது. ஆனால் தாளை மாற்றவில்லை. ஒருவர் மாற்றிச் சொன்னால் போதாது, இன்னொரு சாட்சி இருக்கிறான் என்றார்கள். அந்தத் தாள் இருக்கும்வரை அவனை எந்த நாளும் வீட்டுக்கு அனுப்பலாம்.

அவர் எழுதிக் கொடுத்த பிறகு லைனில் குச்சிகளை எல்லாம் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். டார்கெட் போனது, அதற்கான ஊக்கத்தொகையும் நின்றது. கோபம் முழுக்க அண்ணன் மேல் திரும்பியது. கம்பெனி பஸ்ஸில் அவர் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. கேன்டீனில் அவர் உட்கார்ந்தால் மேஜையே காலியாகும். ஊரிலிருந்து ஞானம்மா அக்காவும், பதவி போன கோபத்தில், பத்து நாள் அவரோடு போனில் பேசவில்லை. மாடியில் அவர் தனியாக ஜெபமாலை சொல்வது கீழே கேட்கும். பதில் சொல்ல ஆளில்லாமல் ஜெபத்தின் இரண்டு பாதியையும் அவரே சொல்வார்.

"அவுரு இன்னா தப்பாடா சொல்ட்டாரு? நீ ஏன் மூஞ்சத் திருப்பிக்கினு போற?" என்று அம்மா கேட்டாள். டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

கொம்பையாவும் அவரோடு பேசவில்லை. ஸ்டோர் ஜன்னலில் அண்ணன் கையுறை வாங்கப் போனால் எடுத்து வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்வான். இப்படி இரண்டு மாதம் போனது.

போன வியாழக்கிழமை மதியம். அண்ணன் வழக்கம்போல் கடைசி மேஜையில் தனியாக இருந்தார். கொம்பையா தட்டோடு வந்தான். எங்கள் மேஜையில் நான் நகர்ந்து இடம் விட்டேன். அவன் தாண்டிப் போய் அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தான். தட்டை முன்னால் தள்ளினான்.

"பெசஞ்சு தாங்க அண்ணாச்சி. ஸ்பூன்ல தின்னா வயிறு நெறைய மாட்டேங்கு."

அண்ணன் தட்டைத் தொடவில்லை.

"கோவம் இன்னும் போவல. அதுக்காவ பசி நிக்குமா? பெசைங்க."

அண்ணன் எழுந்துபோய்க் கையை மறுபடி கழுவிக்கொண்டு வந்தார். சாம்பாரை ஊற்றி, பருக்கை உடையாமல், ரொம்ப நேரம் பிசைந்தார். கண்ணீரைத் துடைக்கக் கை ஒழியவில்லை. கொம்பையா இடது உள்ளங்கையை நீட்டினான். அவர் உருட்டி உருட்டி வைத்தார்.

என் கையைப் பார்த்தேன். ஐந்து விரலும் இருந்தன. கொம்பையாவின் மேல் எழுதிய அந்தப் பொய்யை இன்னும் தாங்கிக்கொண்டிருப்பது இந்தக் கை போட்ட கையெழுத்து ஒன்றுதான்.