சோஃபியாவின் சிவப்பு நாற்காலி

"தொட்டுச் சொல்லும்மா! சும்மா கையை ஆட்டினா அரபி வந்துடுமா?"

சோஃபியாவின் குரல் மாடியிலிருந்து என் காபி டம்ளருக்குள்ளேயே வந்து விழும். நீலசந்திராவில் அவர் வகுப்பறைக்கு நேர் கீழ்வீடு என்னுடையது. குவைத்தில் பல வருஷம் சமையல் வேலை பார்த்துத் திரும்பியவர், வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு மாலையில் அரபி சொல்லித்தருகிறார். பலகை கிடையாது, புத்தகம் கிடையாது. பக்கத்தில் இருந்தால் 'ஹாதா'. அதுவே பெண் என்றால் 'ஹாதிஹி'. தள்ளி இருந்தால் 'தாலிக', 'தில்க'. கை படாத எதையும் பக்கத்தில் இருப்பதாகச் சொல்லக்கூடாது என்பது அவர் சட்டம். அரபியில் நாற்காலி ஆண், மேஜை பெண். ஏன் என்று கேட்டேன். "அவங்க வீட்டு மேஜை, அவங்க இஷ்டம்," என்றார், கன்னத்தில் ஒதுக்கிய ஏலக்காயை நகர்த்திக்கொண்டே. பூனையைத் திட்டுவதுகூட அரபியில்தான்.

சுவரோரம் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் யாரும் உட்காரக்கூடாது. எல்லம்மா உட்கார்ந்து படித்தது. போன வருஷம் வேலைக்குப் போனவள். கொஞ்ச நாளிலேயே அவள் போன் அணைந்துபோனது. ஏஜென்ட் கையை விரித்துவிட்டான். அன்றிலிருந்து பாடம் அந்த நாற்காலியில்தான் முடிகிறது. சோஃபியா அதன் முதுகில் கை வைத்து, "மன் ஹாதிஹி?" என்பார். இவள் யார்? பெண்கள் கோரஸாக, "ஹாதிஹி எல்லம்மா!"

"தூரத்துல இருக்கறவள்னு ஒரு வாட்டி சொல்லிட்டா, போயே போயிடுவா. நான் விடமாட்டேன்," என்றார் என்னிடம்.

வகுப்பு முடிந்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பெண்கள் எல்லாரும் இறங்கிய பிறகும், சற்று ஒதுங்கி, இன்னும் ஒருத்திக்கு வழிவிட்டு, அப்புறம்தான் பூட்டுவார். அந்தப் படிக்கட்டு என் வாசலில் வந்து முடிகிறது. அந்த நேரத்தில் வாசலில் உட்காருவதை நான் விட்டுவிட்டேன். பயமா என்று கேட்காதீர்கள். பயம்தான்.

முந்தாநாள் எல்லம்மாவின் தங்கை இளவேனில் வகுப்பில் சேர்ந்தாள். அக்காவைத் தேடிப் போகத்தான் அரபி. மோட்டார் ரூம் சாவி கொடுக்க மேலே போன நான், மழைக்கு அங்கேயே நின்றுவிட்டேன். பாடம் முடியும் நேரம் இளவேனில் நாற்காலியில் கை வைத்தாள். வெடுக்கென்று எடுத்துவிட்டாள்.

"சோஃபியாக்கா, சூடா இருக்கு."

"வெயில் பட்டிருக்கும்," என்றார் சோஃபியா, அதன் முதுகில் தன் கையை வைத்தபடி. அன்று காலையிலிருந்து வெயிலே இல்லை.

அப்போது இளவேனிலின் போன் அடித்தது. அவள் அம்மா. ஸ்பீக்கரில் அழுகையும் சிரிப்புமாகக் கேட்டது: "அடியே, எல்லம்மா பேசினாடி! நல்லா இருக்காளாம்! எம்பஸில பத்திரமா இருக்கா, ஞாயித்துக்கெழம பிளேன் ஏறுறா!"

பெண்கள் கூச்சல் போட்டுக் கட்டிக்கொண்டார்கள். எனக்கே கண் நிறைந்துவிட்டது. சோஃபியா மாதாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதார். அழுது முடித்தபோதுதான் தன் கை இன்னும் நாற்காலியின் மேல் இருப்பதைப் பார்த்தார். எடுக்கவில்லை.

"அப்ப..." என்று இழுத்தார். "மன் ஹாதிஹி?"

கோரஸ் வரவில்லை.

சொல்லிக்கொள்ளாமல் எல்லாரும் இறங்கினோம். மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது, பிறகு சாவி திரும்பும் சத்தம். அப்பாடா என்றிருந்தது எனக்கு. கடைசிப் படியில் கால் வைத்தபோது சாவி மறுபடியும் திரும்பியது. நிமிர்ந்து பார்த்தேன். சோஃபியா கதவை அகலத் திறந்துவிட்டு, முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்.