கச்சான் பக்கம் கட்டிய வண்டி

மாம்புரியிலிருந்து பாலாவி ரயில் ஸ்டேசனுக்குப் போக அப்போது மாட்டு வண்டி இருந்தது, பஸ் இருந்தது, களப்பு வழியாக வள்ளமும் இருந்தது. மூன்றும் என் மனைவிக்கு ஆகாது. முந்திய வருடம் வள்ளத்திலிருந்து இறங்கும்போது விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டவள் அவள். எலும்பு ஒருவிதமாகப் பொருந்தியது. ஆனால் இடது கால் மடங்க மறுத்து, நீட்டியபடியே நின்றுவிட்டது. மாட்டு வண்டியில் ஏற்றினால் முதல் பள்ளத்திலேயே உயிர் போகிற மாதிரிக் கத்துவாள். பஸ்ஸில் ஒருமுறை முயன்றோம். முன் சீட்டுக்காரரின் முதுகில் காலை முட்டுக் கொடுத்தபடி கொஞ்சத் தூரம் போனாள். அந்த மனிதர் நல்லவர், கோயிலடியில்தான் எங்களை இறக்கிவிடச் சொன்னார். வள்ளத்தை அவள் திரும்பியும் பார்க்கமாட்டாள். மீன் பிடிக்கிறவன் பெண்சாதி வள்ளத்தோடு கோபித்துக்கொண்டால் அந்தக் கோபத்தை வீட்டில் வாங்கிக்கொள்வது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இந்த நிலைமையில்தான், பாலாவியில் ரயில் ஏறிப் போகவேண்டிய சிலாபத்தில் கட்டிக்கொடுத்த எங்கள் ஒரே மகளுக்கு வயிற்றில் பிள்ளை தங்கியது. தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டுக்கு வருவதுதான் வழக்கம். ஆனால் உடம்பு சரியில்லை, பயணமே கூடாது என்று சிலாபம் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மகள் வர ஏலாது, தாய் போக ஏலாது. செய்தி வந்த அன்று மனைவி அழவில்லை. குசினி வாசலில் காலை நீட்டியிருந்து மீனுக்குச் செதில் உரித்துக்கொண்டே சொன்னாள்:

"பிள்ளைக்கு நோவு வாற நேரம் நான் பக்கத்துல இருக்கோணும். எப்பிடிக் கொண்டுபோவீங்களோ, எனக்குத் தெரியாது."

"கொண்டுபோறன்," என்றேன்.

எப்படி என்று எனக்கும் தெரியாது. ஆனால் நாற்பது தாண்டிய பிறகு ஒரு மனிதன் பெண்சாதியிடம் தெரியாது என்று சொல்லக்கூடாது என்பது என் கொள்கை. அந்தக் கொள்கையால் நான் பட்ட பாடுகளில் இது ஒன்று.

உலகச் சண்டை முடிந்து பாலாவிப் பக்கம் இருந்த வெள்ளைக்காரனின் முகாம் கலைந்த சமயம் அது. படங்கு, வாளி, சப்பாத்து என்று முகாம் சாமான்கள் ஊர் ஊராக அலைந்தன. எங்கள் ஊரில் ஒருவர் ஒரு ஆமி மோட்டார் சைக்கிளை வாங்கிக் கோழிக்கூட்டுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். என் பழைய வலை ஒன்றைக் கொடுத்து அதை மாற்றிக்கொண்டேன். கோழிக்கூடு சரிந்தது வேறு கதை.

வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால், அது மோட்டார் சைக்கிள் என்பதற்கு ஹேண்டில் மட்டும்தான் சாட்சி. பெற்றோல் டாங்கி கறள் பிடித்து ஓட்டையாகியிருந்தது. சீட் இருந்த இடத்தில் கம்பி. எஞ்சினுக்குள் கோழி இறகு. எல்லாவற்றையும் கழற்றிக் குசினி வாசலில் பழைய பாய்மரத் துணியில் பரப்பினேன். மனைவியின் தம்பி, என் மச்சான், வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான்.

"அத்தான், இத்தின சாமானும் இதுக்குள்ளயா இருந்தது?"

"ஓம். திரும்பி உள்ள போகேக்க கொஞ்சம் மிஞ்சும். அது பரவாயில்ல."

உதவிக்குப் பாலாவிக்கார முஸ்லிம் நானா ஒருவர் கிடைத்தார். எங்கள் பக்கம் தேங்காய் ஏற்ற லொறி கொண்டு வருகிறவர், தன் லொறியைத் தானே கழற்றிப் பூட்டுகிறவர். வாரத்தில் ஒருநாள் தேங்காய் எண்ணி முடிகிற வரையில் எங்கள் வீட்டில் இருந்து எஞ்சினைப் பார்ப்பார். முதல் நாள் பிளக்கைக் கழற்றி மூக்குக்குக் கிட்டப் பிடித்துவிட்டு, "அண்ணன், எஞ்சின் நல்லா ஈக்கிது. கோழிதான் செத்துப்போச்சு," என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் மண்ணெண்ணெயில் கழுவினேன், தேய்த்தேன், பூட்டினேன். டாங்கிக்குப் பதிலாக ஒரு பிஸ்கட் தகரத்துக்கு ஈயம் பற்றவைத்தோம். சீட்டுக்குத் தும்பு அடைத்துப் பாய்த்துணியால் தைத்தேன். வலை பொத்துகிற கைக்கு அது பெரிய வேலை இல்லை. ஒருநாள் கிக்கரை மிதித்தபோது அது சத்தம் போட்டது. அடுத்த வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. மனைவி வாசலில் இருந்தபடியே என்னைப் பார்த்தாள். கலியாணமான காலத்திலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அன்று நான் சோற்றை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

இனி அவளுக்கு இருக்க ஒரு இடம் வேண்டும். கால் நீட்டி இருக்கிற மாதிரி, குலுங்காத மாதிரி. நானா இரும்புச் சட்டம் அடித்து ஒரு பெட்டியை இறுக்கிப் பூட்டச் சொன்னார். நான் மறுத்தேன். இரும்பில் இறுக்கினால் ஒவ்வொரு கல்லும் அவள் இடுப்பில்தான் ஏறும். பக்கக் கட்டை வைத்த எங்கள் வள்ளத்தை, ஓரு வள்ளம் என்போமே, அதைப் பாருங்கள். பக்கத்தில் மிதக்கிற கட்டையை வள்ளத்தோடு சேர்ப்பது இரண்டு வளைந்த கம்பும் தும்புக் கயிறும் மட்டும்தான், ஆணி கிடையாது. அலை வந்தால் கயிறு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், பிறகு இழுத்துப் பிடிக்கும். கடலையே தாங்குகிற கட்டு கல்லைத் தாங்காதா?

கரையில் உக்கிக் கிடந்த ஒரு வள்ளத்தின் நல்ல பகுதியை ஆள் நீளத்துக்கு அறுத்தெடுத்தோம். அடியில் முகாம் தள்ளுவண்டியின் சில்லு ஒன்று. இரண்டு கம்பு போட்டு மோட்டார் சைக்கிளோடு கயிற்றால் வரிந்து கட்டினோம். உள்ளே மெத்தை. மனைவி வந்து சுற்றிப் பார்த்தாள்.

"இஞ்ச பாருங்க, வள்ளத்துல ஏறமாட்டன் எண்டு சொன்னனா இல்லையா?"

"இது தரையில போற வள்ளம்."

"தண்ணியில போற வள்ளத்துலயே என்னை விழுத்தினீங்க."

ஆனாலும் மெத்தையை அமர்த்திப் பார்த்தாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

எந்தப் பக்கம் கட்டுவது என்பதில் எங்களுக்கு ஒரு நிமிஷம்கூட யோசனை வரவில்லை. ஓரு வள்ளத்தில் பக்கக் கட்டை எப்போதும் காற்று வருகிற பக்கம்தான் இருக்கவேண்டும். இது எங்கள் ஊரில் நடக்கப் பழகுகிற பிள்ளைக்கும் தெரியும். அது கச்சான் காலம், காற்று மேற்கே கடலிலிருந்து அடிக்கிறது. பாலாவிக்குத் தெற்கே போகவேண்டும். அப்படியென்றால் காற்று வலது பக்கம். வலது பக்கம் கட்டினோம். பார்க்க வந்த மீன்வாடிக்காரர்கள் எல்லாரும் கட்டைத் தட்டிப் பார்த்து, சரி என்றார்கள். ஒரு கிழவர் மட்டும், "திரும்பி வரேக்க என்ன செய்வாய்?" என்று கேட்டார். வள்ளம் என்றால் திரும்பாது, முன்னும் பின்னும் ஒன்றுதான், பாயை மாற்றினால் போதும். இதற்கு அந்த வசதி இல்லை. "கச்சான் முடிய வருவன்," என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

ஓட்டிப் பழகியதும் கடற்கரையில்தான். ஈரமணல் தார் றோட்டைவிட இறுக்கம். மனைவியின் நிறைக்கு ஒரு சாக்குக் கருவாட்டைப் பெட்டியில் ஏற்றித் தெற்கே ஓட்டினேன். காற்று சீறி அடித்தது, வண்டி அசையவில்லை. மச்சான் கத்தினான், "அத்தான், கட்டை சரியான பக்கம்!" கருவாடும் ஒரு முறைப்பாடும் சொல்லவில்லை.

மகளுக்கு நாள் நெருங்கியது. ஒரு விடியலில் புறப்பட்டோம். மனைவி கால் நீட்டிப் பெட்டியில், கையில் செபமாலை. நான் ஹேண்டிலில். என் பின்னால் மச்சான். ஊர் தாண்டும்வரை அவள் கண்ணை மூடியிருந்தாள். பிறகு ஒரு கண்ணைத் திறந்தாள்.

"நோவுதா?"

"இல்ல. தொட்டில் மாதிரி ஆடுது." கொஞ்சம் பொறுத்து, "முன்னுக்குப் பாத்து ஓட்டுங்க. பெருமைய ஸ்டேசனுக்குப் போய்ப் படலாம்."

அந்தக் காலத்து றோட்டை நீங்கள் நினைத்துப் பார்க்கவேண்டும். நடுவில் ஒரு லொறி அகலத்துக்குத் தார், இரண்டு பக்கமும் கணுக்கால் புதையும் மணல். எதிரே ஏதாவது வந்தால் இரண்டு பேரும் தங்கள் தங்கள் இடது பக்கம் மணலில் இறங்கி வழிவிட வேண்டும். கடற்கரையில் எதிரே லொறி வருவதில்லை. அதனால் இதைப்பற்றி வாடிக்காரர் யாரும் எச்சரிக்கவில்லை.

எதிரே லொறி வந்தது.

வழக்கப்படி இடது பக்கம் ஒதுங்கினேன். இடது பக்கம் இருந்தது நான். மோட்டார் சைக்கிள் மணலில் இறங்கி அச்சுவரை புதைந்து நின்றது. வலது பக்கம் இருந்த பெட்டி தாரில் தங்கிவிட்டது. ஆக, நானும் மச்சானும் பத்திரமாக மணலில். என் மனைவி நடு றோட்டில், நீட்டிய காலோடு, லொறியின் மூஞ்சிக்கு நேரே.

"மாதாவே!" என்ற சத்தம் கல்பிட்டிவரை கேட்டிருக்கும். லொறி பிரேக் பிடித்துச் சறுக்கி, அவள் பாதத்திலிருந்து ஒரு கை தூரத்தில் நின்றது. கதவைத் திறந்து இறங்கியது நம்முடைய நானா. எஞ்சினைத்தான் அவருக்குத் தெரியும். நாங்கள் பெட்டி கட்டியதை அவர் பார்த்திருக்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்தார். நெற்றியைத் துடைத்தார்.

"அல்லாஹ்வே, அண்ணன், ஏன் இந்தப் பக்கம் கட்டினீங்க?"

"கச்சான் பக்கம்," என்றேன்.

"காத்துக்கா?" அவர் சிரிக்க நினைத்து, என் மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "இந்த றோட்டுல காத்து எங்களப் போல லொறிக்காரன்தான். நாங்க வாறதுக்கு மத்தப் பக்கம் கட்டுங்க. அப்ப பெட்டி மணலுக்குப் போகும், எஞ்சின் தாருல நிக்கும். தங்கச்சி, பயந்துட்டீங்களா?"

மனைவி செபமாலையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் சொல்லுவாள் என்று எதிர்பார்த்ததை நானே சொல்லிவிட்டேன்: "திரும்பி வீட்ட போவம்."

"என்னத்துக்கு?" என்றாள். குரல் தெளிவாக இருந்தது. "வீட்ட போனா பிள்ளைக்கு ஆர் பக்கத்துல? அவுத்து மத்தப் பக்கம் கட்டுங்க. கெதியா. ரயில் காத்து நிக்காது."

நானா தன் லொறியைப் பார்த்தார். "பின்னுக்கு ஏத்தலாம். ஆனா இது ஆட்டுற ஆட்டத்துக்கு இடுப்பு வேற, ஆள் வேறயாத்தான் போய்ச் சேரும்."

அவளை மெத்தையோடு தூக்கித் தென்னை நிழலில் இருத்தினோம். பிறகு நானும் மச்சானும் வேலையில் இறங்கினோம். அந்த இடத்தில் மட்டும் நான் வெட்கப்படாமல் பெருமை பேசுவேன். அது இரும்பில் பூட்டியிருந்தால் அன்றைக்குப் பட்டறை தேடிப் போயிருக்கவேண்டும். கயிறு என்றபடியால், கடலில் காற்று மாறும்போது செய்கிற வேலையைத் தரையில் செய்தோம். அவிழ்த்தோம், பெட்டியை நகர்த்தினோம், கம்பை மாற்றிப் போட்டோம், காலை முட்டுக் கொடுத்து இழுத்து வரிந்தோம். நானா வாய் பார்த்துக்கொண்டு நின்றார். "உங்கட கைக்கு ஸ்பானரே தேவையில்ல போல," என்றார். பிறகு மூன்று பேருமாக வண்டியை மணலிலிருந்து தூக்கித் தாரில் வைத்தோம். இறுதிக் கட்டை இழுத்துப் பார்த்தது என் மனைவி. அவளும் கரைக்காரியின் மகள்தானே.

அதன்பிறகு இரண்டு லொறி, ஒரு பஸ், கணக்கில்லாத மாட்டு வண்டி. எல்லாவற்றுக்கும் பெட்டி மரியாதையாக மணலுக்குப் போய்வந்தது. பாலாவியில் ரயில் நின்றுகொண்டிருந்தது. நான் வண்டியிலிருந்து இறங்கி, வெற்றி பெற்ற ஜெனரல் மாதிரி முதுகை நிமிர்த்தினேன்.

அப்போதுதான் மச்சான் என் காதில் கேட்டான்: "அத்தான், ரயிலுக்குள்ள அக்கா எப்பிடி இருப்பா?"

மாதக் கணக்காக நான் யோசித்தது பாலாவி வரைக்கும்தான். இருக்கிற வாங்குப் பலகைக்கும் பலகைக்கும் நடுவில் மடங்காத கால் எங்கே போகும் என்று என் மூளை கேட்டதே இல்லை. ரயில் பெட்டிக்குப் பெட்டி எட்டிப் பார்த்தேன். பஸ் கதைதான். மனைவியின் கண் கடைசிப் பெட்டியில் இருந்தது. ரயில் கார்ட் இருக்கிற அந்தப் பெட்டியில் மீன் கூடையும் மூட்டையும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"கயித்த அவுத்து விடுங்க," என்றாள். "என்னை இதோடயே அதுக்குள்ள ஏத்துங்க."

கார்ட் சிங்களத்தில் முடியாது என்றார். ஆள் ஏற்றுகிற இடம் இல்லையாம். மனைவி சிங்களத்தில் பதில் சொன்னாள்: மகளுக்குத் தலைப்பிள்ளை, கால் மடங்காது, கூடைகளோடு கூடையாக இருந்து போவேன், ஒரு சத்தமும் போடமாட்டேன். அவர் நீட்டிய காலைப் பார்த்தார், வள்ளத்தைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். என் முகம் அவருக்கு எல்லாவற்றையும் விளக்கியிருக்கவேண்டும். கூடைகளைத் தள்ளி இடம் செய்தார். போர்ட்டர்கள் இரண்டு பேர் பிடிக்க, பெட்டியோடு அவளைத் தூக்கி உள்ளே வைத்தோம். துணைக்கு மச்சான் ஏறினான். ரயில் புறப்பட்டபோது, கோயில் சுற்றுப்பிரகாரத்தில் தூக்கிக்கொண்டு போகிற மாதா சுரூபம் மாதிரி அசையாமல் இருந்து, எனக்கு ஒரு கை காட்டினாள்.

நான் பெருமையோடு வண்டிக்கு வந்து கிக்கரை மிதித்து ஏறினேன். உடனே இடது பக்கம் விழுந்தேன். பெட்டி இல்லாத மோட்டார் சைக்கிளை எனக்கு ஓட்டத் தெரியாது என்பது ஸ்டேசனில் நின்ற எல்லாருக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் தெரியவந்தது. மாலையில் தேங்காய் ஏற்றி வந்த நானா, விஷயத்தை விளங்கிக்கொண்டு, அதைப் பாலாவியிலேயே ஒரு நண்பர் வீட்டில் வைக்க இடம் பிடித்துத் தந்தார். நான் பஸ்ஸில் ஊர் திரும்பினேன். காலை நன்றாக மடித்து வைத்துக்கொண்டேன்.

அடுத்த கிழமை மச்சான் வந்தான். பொம்பிளைப் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம். நோவு கடுமையாம். இரவு பகல் என்று அக்கா மகளின் கையை விடவேயில்லையாம். மருத்துவிச்சியே, தாய் பக்கத்தில் இருந்ததால்தான் மகள் தைரியமாக இருந்தாள் என்று சொன்னாளாம். நான் முகத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்தேன். கச்சான் காற்றில் கண்ணில் தண்ணீர் வருவது சாதாரணம்.

"அக்கா வேறென்ன சொன்னா?"

"ஒரு மாசத்தால கூட்டிக்கொண்டு போக வரச் சொன்னா. ரயில் வேண்டாமாம். கார்ட்டு பெட்டியில மீன் மணமாம். சிலாபத்துக்கே வண்டியக் கொண்டுவரட்டாம், வள்ளப் பெட்டி அங்க பத்திரமா இருக்காம்."

"சிலாபம் வரைக்கும் ரெண்டு சில்லுல நான் எப்பிடி ஓட்டுறது?"

"அதத்தான் நானும் கேட்டன். ஒரு மாசம் இருக்குத்தானே, பழகச் சொல்லுங்க எண்டா."

அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் பாலாவிக்குப் போனேன்.